கேட்டது வேறு, கைக்கு வந்தது வேறு: கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம், ஒரு நிகழ்வு ஆய்வு

1967-இல் இங்கிலாந்தின் போர்ன்மவுத் பகுதியில் மைக்கேல் ஜைல்ஸ், பீட்டர் ஜைல்ஸ் என்ற சகோதரர்கள் பாடத் தெரிந்த ஆர்கன் கலைஞர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வந்து நின்றவர் ராபர்ட் ஃப்ரிப். அவருக்குப் பாட வராது, ஆர்கனும் வராது. கிட்டார் மட்டும்தான் தெரியும். சரி, இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். மூவரும் லண்டன் போய் 1968-இல் டெராம் நிறுவனத்துக்காக ஒரு இசைத்தட்டு செய்தார்கள். கிண்டலும் கேலியும் குட்டிக் கதைகளுமாக இருந்த அதை வாங்க ஆள் இல்லை.

இந்தத் தோல்வியிலிருந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. 1969 அக்டோபர் 10 அன்று கிங் கிரிம்சன் என்ற பெயரில் வேறு ஒரு தட்டு வந்தது: 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்'. ஐந்தே பாடல்கள், சுமார் 44 நிமிடம். அன்றைக்கு ஃப்ரிப்புக்கும் பல கருவிகள் வாசித்த இயன் மெக்டொனால்டுக்கும் 23 வயது. பாடகரும் பேஸ் கிட்டார் கலைஞருமான கிரெக் லேக்குக்கு 21. வரிகள் எழுதிய பீட்டர் சின்ஃபீல்டுக்கு 25. டிரம்ஸ் வாசித்த மைக்கேல் ஜைல்ஸ்தான் மூத்தவர், 27. செவ்வியல் இசையையும் ஜாஸையும் ராக்கோடு கலந்து நீண்ட பாடல்களாக வளர்த்த பிராக்ரசிவ் ராக் எங்கே தொடங்கியது என்று கேட்டால் பாதிப் பேர் கை காட்டுவது இந்தத் தட்டைத்தான். நானும் அந்தப் பாதியில் ஒருவன்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு பட்டியல் போடுவார்கள்: பீட்டில்ஸ், மூடி ப்ளூஸ், மேற்கத்திய செவ்வியல் இசை, ஜாஸ். பட்டியல் பொய்யில்லை. ஃப்ரிப்பே 1967-இல் பீட்டில்ஸின் 'எ டே இன் த லைஃப்' கேட்டு உலுக்கப்பட்டதையும், கிட்டார் கலைஞர் ஹென்ட்ரிக்ஸும் ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் நாற்கருவி இசையும் தன்னை ஆட்டிவைத்ததையும் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் அதே வருடம் லண்டனில் அதே தட்டுகளை வாங்கிக் கேட்ட இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களிடமிருந்து இந்த ஆல்பம் வரவில்லையே? கேட்ட இசை எப்படிக் கைக்கு வந்தது, வரும் வழியில் எதெல்லாம் வாசலிலேயே நிறுத்தப்பட்டது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடுகிறது. இந்த ஆய்வு அதைப் பற்றியது.

சோற்றுக்கு வாசித்த இசை

முதலில் ஃப்ரிப். போர்ன்மவுத்தின் மெஜஸ்டிக் ஹோட்டலில் நடன இசைக்குழுவில் கிட்டார் வாசித்தவர். அந்த நாற்காலியில் அவருக்கு முன் இருந்தவர், பின்னாளில் 'போலீஸ்' பேண்டில் புகழ் பெற்ற ஆண்டி சம்மர்ஸ். ஹோட்டல் வேலையில் வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், மேடை நாடகப் பாட்டு என்று கேட்டதை எல்லாம் வாசிக்க வேண்டும், தப்பில்லாமல், சத்தம் அதிகமில்லாமல். ஃப்ரிப் இயல்பில் இடதுகைக்காரர், வாசிப்பது வலதுகைக்காரர் மாதிரி. தனக்குச் சுருதி ஞானமும் தாள ஞானமும் பிறவியிலேயே கிடையாது என்று அவரே சொல்லிக்கொள்வார். அப்படிப்பட்ட ஒருவர் பயிற்சியாலேயே எழுந்து நிற்கிறார் என்றால், அவர் வாசிப்பு ஏன் அளந்து வைத்த மாதிரி இருக்கிறது என்பது புரியும். லேக்கும் அதே வட்டாரம். சிறுவயதில் இருவருக்கும் கிட்டார் ஆசிரியர்கூட ஒருவரே.

மெக்டொனால்டின் கதை இன்னும் முக்கியம். பதின்ம வயதிலேயே ராணுவ பேண்டில் சேர்ந்து க்ளாரினெட் வாசித்துப் பல வருடம் ஓட்டியவர். அங்கே இசை எழுதப் படிக்கவும், எந்தக் குரலை, அதாவது எந்த இசைவரியை, எந்தக் கருவிக்குக் கொடுப்பது என்று பிரித்து எழுதவும் கற்றுக்கொண்டார். ராணுவ பேண்டில் காலையில் அணிவகுப்பு இசை, மாலையில் நடன இசை, இன்னொரு நாள் செவ்வியல் இசை. கிங் கிரிம்சனில் சாக்ஸபோன், புல்லாங்குழல், க்ளாரினெட், கீபோர்டு எல்லாம் அவர்தான். முதல் ஆல்பத்தின் உண்மையான சிற்பி யார் என்று கேட்டால் நான் ஃப்ரிப் பெயரைச் சொல்ல மாட்டேன், மெக்டொனால்டைத்தான் சொல்வேன். ஃப்ரிப் ரசிகர்கள் மன்னிக்கட்டும்.

சின்ஃபீல்ட் எந்தக் கருவியும் மேடையில் வாசிக்கவில்லை. வரிகள் எழுதினார், மேடை விளக்குகளை இயக்கினார், பேண்டுக்குப் பெயரும் வைத்தார். முன்பு கணினி வேலை பார்த்தவர். அவரும் மெக்டொனால்டும் கிங் கிரிம்சனுக்கு முன்பே சேர்ந்து பாட்டுக் கட்டியவர்கள்.

வேண்டாம் என்று சொன்னவை

1969 ஜனவரி 13 அன்று லண்டனில் ஃபுல்ஹாம் பேலஸ் ரோட்டில் ஒரு கஃபேயின் அடித்தளத்தில் முதல் ஒத்திகை. அதற்கு முந்தின நாள்தான் அமெரிக்காவில் லெட் செப்பலினின் முதல் தட்டு வெளியாகியிருந்தது. அந்தத் தட்டின் அடித்தளம் அமெரிக்க ப்ளூஸ். அந்த நாளில் பிரிட்டனில் கனமான கிட்டார் இசை என்றாலே ப்ளூஸ்தான் தாய்வீடு. கிங் கிரிம்சன் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. ஜனரஞ்சகமாக, எங்கோ கேட்ட மாதிரி ஏதாவது ஒலித்தால் அதைத் தூக்கிப்போட்டுவிடுவோம் என்று பின்னாளில் சின்ஃபீல்ட் ஒத்திகை நாட்களைப் பற்றிச் சொன்னார்.

பாதிப்பு என்ற சொல்லின் வழக்கமான அர்த்தத்தால் இதை அளக்க முடியாது. விலக்கி வைப்பதும் ஒரு பாதிப்புதான், தலைகீழாக. ப்ளூஸை எடுத்துவிட்டால் கிட்டாருக்கு விரல் தானாகப் போகும் பழகிய பாதை அடைபட்டுப் போகிறது. அப்போது ஹோட்டலில் வாசித்தது, ராணுவத்தில் கற்றது என்று கையில் மிச்சம் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

அதே 1969 ஜூலையில் வெளிவந்த 'யெஸ்' பேண்டின் முதல் ஆல்பத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் பீட்டில்ஸ் பாட்டு ஒன்று, பேர்ட்ஸ் பாட்டு ஒன்று, இவர்கள் பாணியில் மாற்றி வாசித்தது. அழகாகத்தான் இருக்கும். தாங்கள் யாரைக் கேட்டு வளர்ந்தோம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. கிங் கிரிம்சனும் மேடையில் பிறர் பாட்டை வாசித்தது உண்டு. பாடகர் டோனவனின் ஒரு பாட்டை எடுத்து நீட்டி முழக்குவார்கள். கச்சேரியின் கடைசியில் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் எழுதிய 'த பிளானட்ஸ்' தொகுப்பிலிருந்து 'மார்ஸ்' வரும். ஆல்பத்தில் இரண்டும் இல்லை.

இந்த 'மார்ஸ்' பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1914-இல் எழுதப்பட்ட இசை அது. ஐந்து எண்ணிக்கைத் தாளம், ஒரே அடி திரும்பத் திரும்ப, அதன் மேல் மெல்ல மெல்ல ஏறும் இரைச்சல். 1969 ஜூலை 5 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவசக் கச்சேரியில், லட்சக்கணக்கான கூட்டத்துக்கு முன்னால் கிங் கிரிம்சன் முடித்தது இதைக் கொண்டுதான். அவர்கள் லண்டனில் முதன்முதலாகப் பொதுமேடை ஏறி மூன்று மாதம்கூட ஆகாத சமயம். அடுத்த ஆல்பத்துக்காக இதைப் பதிவு செய்யப் போனபோது ஹோல்ஸ்டின் உரிமைதாரர்கள் சம்மதிக்கவில்லை. அதனால் மாற்றி எழுதி வேறு பெயரில் 1970-இல் வெளியிட்டார்கள்.

ஆனால் 'மார்ஸ்' கற்றுக்கொடுத்தது முதல் ஆல்பத்திலேயே இருக்கிறது. தலைப்புப் பாடலில் அந்தப் பெரிய நரம்பிசைப் பகுதி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் மெட்டு அதேதான், கனம் மட்டும் கூடிக்கொண்டே போகும். ராக் பாட்டில் உச்சம் என்றால் சாதாரணமாகக் கிட்டார் தனி ஆவர்த்தனம். இங்கே உச்சம் குவிப்பால் வருகிறது. ஹோல்ஸ்டிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது அந்த ஏறும் முறையை. மெட்டைத் தொடவில்லை.

எட்டு விநாடி

இந்தக் குவிப்பைச் செய்தது மெலட்ரான். பார்க்க வீட்டு ஆர்கன் மாதிரி இருக்கும் கனத்த பெட்டி, 1963 முதல் பர்மிங்ஹாம் பக்கம் தயாரானது. மார்க் 2 என்ற மாடலில் பக்கத்துப் பக்கமாக இரண்டு கீபோர்டுகள், ஒவ்வொன்றிலும் 35 கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு ஒலிநாடா. அந்தச் சுரத்தை நிஜமான வயலின் கலைஞர்களோ புல்லாங்குழல் கலைஞரோ வாசித்துப் பதிவு செய்தது அதில் இருக்கும். கட்டையை அழுத்தினால் சுழலும் உருளை நாடாவை இழுக்கும், ஹெட் அதைப் படிக்கும், ஒலி வரும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் நாடாவைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். நாடா ஓடுவது சுமார் 8 விநாடி. அதற்கு மேல் பிடித்தால் ஒலி போயே போச்சு.

கீபோர்டு வாசிப்பவருக்கு இது என்ன செய்யும்? எந்தச் சுரக்கூட்டையும் 8 விநாடிக்கு மேல் நிறுத்தி வைக்க முடியாது. வேகமாகவும் வாசிக்க முடியாது, ஏனென்றால் நாடா எழுந்து ஒலி தர ஒரு கணம் தாமதமாகும். பல கட்டைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் மோட்டார் திணறிச் சுருதி லேசாகக் கீழே சறுக்கும். ஆக, வேகமும் இல்லை, நீளமும் இல்லை. நடுவில் மிச்சம் இருப்பது ஒன்றுதான்: நிதானமாக, மூச்சு விட்டு மூச்சு விட்டு நகரும் சுரக்கூட்டுகள். 'எபிடாஃப்' பாடலை ஹெட்ஃபோனில் கேட்டால் அந்த மூச்சு கேட்கும். வயலின் கூட்டம் ஒன்று எழுந்து, கொஞ்சம் நடுங்கி, முடிவதற்குள் அடுத்தது அதன் இடத்தை வாங்கிக்கொள்ளும். அந்த நடுக்கம்தான் பாட்டின் துக்கம். நிஜ ஆர்கெஸ்ட்ரா வாசித்திருந்தால் இந்த அளவுக்குத் துக்கம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

மெலட்ரானை இவர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1967 தொடக்கத்திலேயே 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' முகப்பில் பீட்டில்ஸ் அதன் புல்லாங்குழல் ஒலியைப் பயன்படுத்திவிட்டார்கள். மூடி ப்ளூஸின் மைக் பிண்டர் அதைத் தயாரித்த நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர். அதனால் பாதிப்பு எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை. வித்தியாசம் அதைக் கையாண்டவரின் படிப்பில் இருக்கிறது. எந்தக் குரலை எங்கே வைத்தால் கூட்டம் பெரிதாகக் கேட்கும் என்று பேண்டு இசை எழுதிப் பழகிய மெக்டொனால்ட், ஒரு கீபோர்டின் மேல் இன்னொன்றாக அடுக்கினார். மற்றவர்களிடம் வண்ணம் பூசிய கருவி, இவரிடம் சுவராக நின்றது.

மூடி ப்ளூஸ் விஷயத்தில் இன்னொரு சுவையான திருப்பம். அவர்களுடைய தயாரிப்பாளர் டோனி கிளார்க்கைத்தான் கிங் கிரிம்சனும் முதலில் வைத்துக்கொண்டார்கள். 1969 ஜூனில் மார்கன் ஸ்டுடியோவில் பதிவு தொடங்கியது. சரிப்படவில்லை. பிறகு வெஸ்ஸெக்ஸ் ஸ்டுடியோவில் முயன்றார்கள், அதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் அவரை விட்டுவிட்டு, ஒரு தட்டும் தயாரித்த அனுபவமில்லாத பையன்கள் தாங்களே தயாரிப்பாளராக உட்கார்ந்தார்கள். முதல் ஆல்பத்துக்கு இது பைத்தியக்காரத்தனம். ஆனால் வாசலிலேயே நிறுத்தும் அந்த ஒத்திகை விதியை வைத்துப் பார்த்தால் வேறு முடிவு வந்திருக்க வாய்ப்பில்லை. தங்களுக்கு மிக நெருக்கமான பாதிப்பே ஆளாக வந்து எதிரில் உட்கார்ந்தபோது அதையும் வேண்டாம் என்றார்கள்.

வெஸ்ஸெக்ஸ் என்பது வடக்கு லண்டன் ஹைபரியில் பழைய தேவாலயக் கூடமொன்றில் இருந்த ஸ்டுடியோ. எட்டு டிராக் ரெக்கார்டர், அதாவது தனித்தனியாகப் பதிய எட்டே ஒலித்தடங்கள். மெலட்ரானை அடுக்கிக்கொண்டே போனால் எட்டு டிராக் எந்த மூலைக்கு? அதனால் டிரம்ஸ், பேஸ் போன்றவற்றைக் கலந்து சுருக்கி, காலியான டிராக்கில் மேலும் மேலும் பதிந்தார்கள். ஒருமுறை சுருக்கிவிட்டால் திரும்பிப் போக முடியாது. இது பின்னால் ஒரு கதையாக வரும்.

ஸ்கிசாய்ட் மேன்

'ட்வென்ட்டி ஃபர்ஸ்ட் சென்ச்சுரி ஸ்கிசாய்ட் மேன்' ஆல்பத்தின் முதல் பாட்டு. ஐந்து பேர் பெயரும் போட்டது. இதன் முகப்பு ரிஃபின் (திரும்பத் திரும்ப வரும் மெட்டுத் துணுக்கின்) முதல் சில சுரங்கள் லேக்குடையவை, மிச்சம் மெக்டொனால்டுடையது. கிட்டாரும் சாக்ஸபோனும் ஒட்டிக்கொண்டு வாசிப்பதால் எது எது என்று பிரித்தறிவதே கஷ்டம். லேக்கின் குரலை வேண்டுமென்றே சிதைத்திருக்கிறார்கள், உடைந்த ரேடியோ மாதிரி. வரிகளில் நேபாம் தீ வருகிறது, அப்பாவிகள் வருகிறார்கள். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த வருடம். மேடையில் ஒருமுறை ஃப்ரிப் இந்தப் பாட்டை அன்றைய அமெரிக்கத் துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூவுக்கு அர்ப்பணித்தார், நக்கலாகத்தான்.

பாட்டின் நடுப்பகுதிதான் இந்த ஆய்வுக்கு வேண்டியது. திடீரென்று வேகம் பிடித்து ஓடும், கிட்டார் ஒரு சுற்று, சாக்ஸபோன் ஒரு சுற்று. இதை ஜாஸ் என்று சொல்லிவிடுவது சுலபம். கூர்ந்து கேட்டால் இது சின்ன கிளப்பின் ஜாஸ் அல்ல, பெரிய பிக் பேண்டின் ஜாஸ். கருவிகள் எல்லாம் பித்தளை வாத்திய வரிசை போல ஒரே வாக்கியத்தை ஒன்றாகச் சொல்கின்றன. ராணுவ பேண்டின் சுவடு இங்கே இருக்கிறது. அப்புறம் வருவது பிரபலமான நிறுத்தி நிறுத்திப் போகும் பகுதி. நாலு பேரும் சத்தத்தைச் சட்டென்று தணித்து, கூர்மையான குட்டிக் குட்டி சுரக்கொத்துகளை ஒரே நேரத்தில் வாசித்து, ஒரே நேரத்தில் நிற்கிறார்கள். நடுவில் சுத்தமான மௌனம். மறுபடி ஒரு கொத்து, மறுபடி மௌனம். அந்த இடைவெளிகளில் ஒருவர் அரை அடி முந்தினாலும் மானம் போய்விடும். ஜைல்ஸின் டிரம்ஸ் இந்த இடத்தில் தாளம் காட்டுவதில்லை, மற்றவர்களோடு சேர்ந்து மெட்டு வாசிக்கிறது. ராக் இசைக்கு அந்த நாளில் இது புதிது.

ஃப்ரிப்பின் பார்டோக் மோகத்தை இந்தப் பாட்டில் தேடுகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவாகத் தட்டுப்படவில்லை. அது உண்மையில் வெளிப்பட்டது பேண்டு முழுக்க ஆள் மாறிப்போன பிறகு, 1973 ஆல்பத்தில்தான்.

இந்த இரைச்சல் முடிந்ததும் ஒட்டிக்கொண்டே 'ஐ டாக் டு த விண்ட்' வருகிறது. புல்லாங்குழலும் மென்மையான குரலுமாக, பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துவிடக் கூடாது என்பது போல. மெக்டொனால்டும் சின்ஃபீல்டும் கட்டிய பாட்டு. 1968-லேயே ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் முன்னாள் பாடகி ஜூடி டைபிள் குரலில் இதைப் பதிவு செய்து பார்த்திருந்தார்கள். பிரிட்டிஷ் நாட்டுப்புற இசையின் சாயல் வெளிப்படையாகத் தெரியும் ஒரே இடம் இது. விதி இங்கே கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, நல்லவேளை.

'மூன்சைல்ட்' என்ற சங்கடம்

12 நிமிடப் பாட்டு. முதல் இரண்டரை நிமிடம் அழகான தாலாட்டு. அதன் பிறகு ஃப்ரிப், மெக்டொனால்ட், ஜைல்ஸ் மூவரும் ஏறத்தாழக் காதில் விழாத அளவுக்கு மெதுவாக, முன்கூட்டி எதுவும் எழுதி வைக்காமல், ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டுத் துணுக்குத் துணுக்காக வாசிக்கிறார்கள். நானும் பல வருடம் அந்தப் பகுதியைத் தாண்டிப் போனவன்தான். ஆல்பத்தின் பலவீனமான இடம் இதுவே என்று இன்றும் சொல்வேன். ஆனால் பாதிப்புகளைத் தேடுகிறவனுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. எழுதி வைத்த பாட்டில் எதை வேண்டுமானாலும் வடிகட்டலாம். யோசிக்காமல் வாசிக்கும்போது விரல் பழக்கம் வெளியே வந்துவிடும்.

வந்துவிட்டது. அந்த நீண்ட அமைதிக்குள் ஒரு இடத்தில் ஃப்ரிப்பின் கிட்டார் 'ஓக்லஹோமா!' இசைநாடகத்தின் 'த சர்ரே வித் த ஃப்ரிஞ்ச் ஆன் டாப்' மெட்டைச் சில கணங்கள் முணுமுணுக்கிறது. மேடை நாடகப் பாட்டு! ஜனரஞ்சகமாக ஒலித்தால் தூக்கிப்போடு என்ற பேண்டில்! மெஜஸ்டிக் ஹோட்டலில் எத்தனை மாலை இந்த மாதிரிப் பாட்டுகளை வாசித்திருப்பாரோ, அந்தக் கை அன்றைக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போகவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

பிறகு நடந்தது

அட்டைப்படத்தைப் பார்க்காமல் இந்தத் தட்டைப் பார்த்தவர் இருக்க முடியாது: அலறும் சிவந்த முகம், மூக்குத்துவாரம்வரை அருகில். வரைந்தவர் சின்ஃபீல்டின் நண்பர் பேரி காட்பர், கணினி நிரல் எழுதுபவர். 1970 பிப்ரவரியில் 24 வயதில் மாரடைப்பால் இறந்துபோனார். அவர் செய்த ஒரே ஆல்பம் அட்டை இது.

'த ஹூ' பேண்டின் பீட் டவுன்ஷெண்ட் இதை இயல்புக்கு அப்பாற்பட்ட பெரும்படைப்பு என்று புகழ்ந்தார். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ் 'டி பிளஸ்' போட்டுத் தள்ளிவிட்டார். பிரிட்டனில் 5-ஆம் இடம், அமெரிக்காவில் 28. அக்டோபர் இறுதியில் அமெரிக்கப் பயணம் தொடங்கியது, டிசம்பரில் மெக்டொனால்டும் ஜைல்ஸும் விலகுவதாகச் சொல்லிவிட்டார்கள். தான் போனால் பேண்டு நிலைக்கும் என்றால் தானே போகிறேன் என்று ஃப்ரிப் சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை. அடுத்த வருடம் லேக், கீபோர்டு கலைஞர் கீத் எமர்சனோடு போய்ச் சேர்ந்தார். முதல் ஒத்திகையிலிருந்து எண்ணினால் இந்த ஐவர் சேர்ந்து இருந்தது ஒரு வருடம்கூட இல்லை.

இனி அந்த டேப் கதை. ஸ்டீரியோ மாஸ்டர், அதாவது தட்டுகளுக்கு மூலமான இறுதி டேப், எடுத்தபோது டேப் இயந்திரத்தின் ஹெட் சரியாகப் பொருந்தாமல் இருந்ததால் ஒலியின் மேல்பகுதி மங்கிப்போனது. பல பத்தாண்டுகள் உலகம் கேட்டது அதைச் சரிக்கட்டிய நகல்களின் நகல்களை. அசல் மாஸ்டர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மறுபடி கண்ணில் பட்டது. 2009-இல், 40-ஆவது ஆண்டையொட்டி, இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் இன்னும் ஒரு படி பின்னால் போனார். டிராக்குகளைச் சுருக்குவதற்கு முந்தைய பதிவுகளை எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, ஃப்ரிப்புடன் சேர்ந்து புதிதாக மிக்ஸ் செய்தார். டிரம்ஸ் பளிச்சென்று கேட்டது, மெலட்ரான் சுவரின் செங்கல் செங்கலாகத் தெரிந்தது.

அந்தப் புது மிக்ஸில் 'மூன்சைல்ட்' சுமார் இரண்டரை நிமிடம் குறைந்திருந்தது. வெட்டிய பகுதியோடு சேர்ந்து போனது அந்த 'ஓக்லஹோமா!' மெட்டு.